விராலா, கெண்டையா?

தூண்டிலில் எனக்குப் பிடித்தது விரால்தான். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறக்கும். அந்தக் குமிழியை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளை இரையைத் தத்தவிட்டால் தொபக்கென்று தண்ணீர் வெடிக்கும். உடனே தூண்டிலைச் சுண்டக் கூடாது, ஒரு நொடி பொறுக்க வேண்டும்.

கெண்டை வேறு ரகம். தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான். அடியில் கிடக்கும் மாவு உருண்டையை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். தக்கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். ஆனால் மாட்டியபின் தூண்டில் நரம்பை உருவிக்கொண்டு ஓடுவதில் கெண்டைதான் ஒரு படி மேல். விரால் கொடிக்குள் புகுந்து முரண்டு பிடிக்கும்.

அப்புறம், சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு விரால் நின்றால் தூண்டில் போடாதீர்கள். காவல் நிற்கும் தாய் தகப்பன் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.