நாயுடுபுரத்து அக்கா கடையின் பெரிய சாண்ட்விச்

கொடைக்கானல் நாயுடுபுரத்து இறக்கம் ஒன்றில், மளிகைக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, இரண்டு ஆள் நின்றால் அடைபட்டுவிடும் அகலத்தில் ஒரு சாண்ட்விச் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, ‘அக்கா கடை’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டி, தோசைக்கல், ரொட்டி வெட்டும் பலகை, தெருவைப் பார்த்து அடித்த ஒரு மரத்தட்டு, இவ்வளவுதான் கடை. கடந்த எட்டு மாதங்களில் பதினைந்து முறைக்குக் குறையாமல் இங்கே சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே ஒரு நாள் பசியின் வேகத்தில் எழுதும் மதிப்புரையாக இதைக் கொள்ள வேண்டாம்.

இங்கே ‘பெரியது’ என்று கேட்டு வாங்கும் கோழி முட்டை சாண்ட்விச்சை ஒருமுறை பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 460 கிராம் இருந்தது. விலை 180 ரூபாய். கட்டைவிரல் பருமனில் வெட்டிய இரண்டு கோதுமை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இரண்டு முட்டை ஆம்லெட், மிளகு தூவி வாட்டிய கோழி, உப்பிட்டுப் பிழிந்த முட்டைக்கோஸ், கேரட் துருவல், வெந்த பீட்ரூட் வில்லைகள், உருகிய சீஸ், பூண்டுத் தயிர் என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. வாயை எவ்வளவு அகலத் திறந்தாலும் மேல் ரொட்டியும் கீழ் ரொட்டியும் முதல் கடியில் ஒன்றாக அகப்படுவதில்லை. ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் கேரட் பிதுங்குகிறது. இரண்டாம் கடியில் பூண்டுத் தயிர் பீட்ரூட் சாற்றோடு கலந்து, இளஞ்சிவப்பாக மணிக்கட்டில் இறங்கி முழங்கையை நோக்கிப் போகிறது.

சிந்துவது வேறு, ஊறிப்போவது வேறு. ஏரிப் பக்கம் ஓர் உணவகத்தில் இதே அளவுள்ள சாண்ட்விச்சை இருமடங்கு விலை கொடுத்து வாங்கினேன். தட்டு மேசைக்கு வந்து ஐந்து நிமிடத்துக்குள் அடி ரொட்டி கூழாகி, கடைசியில் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதாயிற்று. அக்கா கடையில் கை முழுதும் பூசிக்கொண்டாலும், கடைசித் துண்டு வரை ரொட்டி ரொட்டியாகவே இருக்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்வதற்காகவே பலமுறை கல்லுக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறேன்.

கடையை நடத்தும் அக்கா, ரொட்டியின் உட்பக்கத்தை மட்டும் வெண்ணெய் தடவிக் கல்லில் போடுகிறார். வெளிப்பக்கம் மிருதுவாகவே விடப்படுவதால் மேலண்ணத்தைக் கீறுவதில்லை, உள்ளே முறுகிய பக்கமோ ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதில்லை. அந்த முறுகல் சூட்டோடு இருக்கும்போதே, இந்த ஊரில் செய்யும் செடார் வகைச் சீஸை அதன்மேல் பரப்புகிறார். உருகிப் படியும் சீஸ், கூரைக்குப் பூசிய சாந்துபோல, மேலே வரும் சாற்றைத் தடுத்து நிறுத்துகிறது. பீட்ரூட் ஒருபோதும் ரொட்டியைத் தொடுவதில்லை. கோழிக்கும் ஆம்லெட்டுக்கும் நடுவில்தான் அதன் இடம். ரொட்டியும் சாதாரணமானது அல்ல. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், மாவு பொங்கும்போது உள்ளிருக்கும் வாயு வேகமாக விரிந்து, ரொட்டியைப் பெரிய பெரிய துளைகளோடு பொரபொரப்பாக்கிவிடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் சாறு இறங்கும். அக்காவுக்கு ரொட்டி போடுகிறவர், பொங்கிய மாவை மறுபடி அமுக்கிப் பிசைந்து, இரண்டாம் முறை பொங்கவிட்ட பிறகே அடுப்பில் வைக்கிறாராம். வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெருக்கமான சிறு துளைகளே தெரிகின்றன.

பூண்டுத் தயிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தபோது பல கடைகள் சுவைக்கு மாற்றுத் தேடி அலைந்தன. இங்கே அந்தத் தேவை எழவில்லை. கடை தொடங்கிய நாளிலிருந்தே தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு, கெட்டியானதில் மலைப்பூண்டை நசுக்கிச் சேர்ப்பதுதான் வழக்கம் என்கிறார் அக்கா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரம் முதலில் நாக்கில் தெரிவதில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஏறுகிறது. குளிர் நாளில் அந்தச் சூடு ஒன்றுக்காகவே நான் போயிருக்கிறேன்.

சாஸ் பொட்டலமோ பிளாஸ்டிக் கிண்ணமோ கொடுப்பதில்லை. மலையில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு இருப்பது தெரிந்ததே. ஆனால் அதன் விளைவாகத் தொட்டுக்கொள்ள வேண்டியது அத்தனையும் உள்ளேயே போய்விடுகிறது, சிந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டர் பேப்பரில் இறுக்கமாகச் சுற்றி, பருத்தி நூலால் இரண்டு கட்டுக் கட்டிக் கையில் தருகிறார். இந்தத் தாளை முழுதாகப் பிரிக்கக் கூடாது. மேல் கட்டை மட்டும் அவிழ்த்து, தாளோடு பிடித்து, சற்று முன்னால் குனிந்து, முழங்கைகளை விலக்கி வைத்துக்கொண்டு கடிக்க வேண்டும்.

நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த என் அப்பாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு பெரிது. எழுபத்து மூன்று வயது வரை இடது கையால் உணவைத் தொட்டறியாதவர், சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடிக்க மனம் ஒப்பாமல், தாளை மரத்தட்டின்மேல் விரித்து, மேல் ரொட்டியைத் தனியே எடுத்து வைத்தார். “ஐயா, பிரிக்காதீங்க, தாளோட பிடிச்சுக்கங்க” என்று அக்கா உள்ளிருந்து சொல்லிப் பார்த்தார். “இல்லம்மா, எனக்கு இதுதான் தோது” என்றவர், ரொட்டியைப் பிய்த்து, கோழியையும் ஆம்லெட்டையும் சேர்த்து, பரோட்டா சாப்பிடுவதுபோல வலது கையாலேயே முழுவதையும் முடித்தார். தாளில் தேங்கிய சாற்றைக் கடைசி ரொட்டித் துண்டால் துடைத்தெடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிறைவைப் பார்த்த பிறகு, சாப்பிடும் முறை பற்றி நான் யாரிடமும் வாதிடுவதில்லை.

குறைகளும் உண்டு. கல் ஒன்றுதான் என்பதால் முன்னால் நான்கு பேர் இருந்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் இரண்டு முறை கோழி வறண்டிருந்தது; காலையில் வாட்டியதை மறுபடி சூடாக்கியதாகத் தோன்றியது. ஒருநாள் பீட்ரூட் சரியாக வேகாமல், கடித்தபோது அறுபடாது, வில்லை முழுதாக வெளியே வந்து சட்டையில் விழுந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கிழங்கு வகைகள் திறந்த பாத்திரத்தில் வேக வெகுநேரம் பிடிக்கும். அன்று குக்கர் பழுதாகியிருந்ததாம். காரணம் நியாயமானதே, ஆனாலும் அன்று பீட்ரூட்டையே விட்டிருக்கலாம். கை கழுவ வெளியே ஒரு குழாய் மட்டும் இருக்கிறது. டிசம்பரில் அதன் தண்ணீர் ஊசிபோல் குத்துகிறது. இவ்வளவு சிந்தும் உணவைக் கொடுக்கும் கடை, ஒரு வாளி வெந்நீராவது வைக்க வேண்டும். சைவத்தில் பனீர் சாண்ட்விச் உண்டு, பரவாயில்லை ரகம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றை வாங்கி இரண்டாக வெட்டித் தரச் சொல்லலாம். தனித்தனித் தாளில் கட்டித் தருவார். எடுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் பிரிக்க வேண்டாம், பூண்டு வாசனைக்குக் குரங்குகள் வந்துவிடும். சந்தை நாளான ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சீக்கிரம் தீர்ந்துபோகும், பன்னிரண்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. அந்த நேரத்தில் பலகையோரம் ரொட்டியின் முனைத் துண்டுகள் ஒதுக்கி வைத்திருப்பார். கேட்டால் கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி, காசு வாங்காமல் தருவார். தாளில் மிஞ்சிய பூண்டுத் தயிரைத் துடைத்துச் சாப்பிட அதுபோல் வேறொன்று இல்லை.