எங்கள் தெருமுனை ஜிம்: எல்லாம் இருக்கிறது, ஒன்றேகால் கிலோ பிளேட்டைத் தவிர

நான்கு மாதமாகப் போகிறேன். பெயர் வேண்டாம், மாஸ்டர் நல்ல மனிதர். ஸ்குவாட் (தோளில் ராடு வைத்து உட்கார்ந்து எழுவது) போட ரேக் இரண்டு இருக்கிறது, பெஞ்ச் ஆடாது, சாயங்காலக் கூட்டத்தில்கூட ரேக் காலியாகவே கிடக்கும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் கண்ணாடி முன்னால் நின்று பைசெப்ஸ்தான் அடிக்கிறார்கள்.

சேர்ந்த அன்றே ஒரு சார்ட் கொடுப்பார்கள், எனக்குப் பிடிக்காதது அதுதான். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று போய் காலுக்குச் சனிக்கிழமைதான் முறை வரும். செஸ்ட்டுக்கு மட்டும் ஐந்து வகை, ஒவ்வொன்றும் 15, 12, 10 தடவை என்று மூன்று செட். பல வருடம் தூக்கியவருக்குச் சரி, புதிதாக வருபவன் வாரத்துக்கு ஒரே தடவை ஸ்குவாட் போட்டு எப்போது கற்றுக்கொள்வது? முதல் வாரம் சட்டை மாட்டக் கை உயரவில்லை, வலி போன கையோடு அடுத்த திங்கள் வந்தால் பெஞ்சில் ராடை எங்கே பிடிப்பது என்பதே மறந்திருந்தது.

இரண்டாம் மாதம் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு 'ஐந்துக்கு ஐந்து' (5x5) என்ற பயிற்சி முறைக்கு மாறினேன். வாரம் மூன்று நாள்தான். ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்து ராடை மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து ராடை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்று தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது). ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை. டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட், ஸ்குவாட் முடித்த முதுகுக்கு அதுவே போதும். 20 கிலோ வெறும் ராடில் ஆரம்பித்து, ஐந்து செட்டும் முழுசாக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்ட வேண்டும். மூன்று முறை தொடர்ந்து முடியாமல் போனால் பத்து சதவீதம் குறைத்து மறுபடி ஏற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 2.5 கூட்டப் பக்கத்துக்கு 1.25 வேண்டும், இங்கே இருப்பதில் சின்ன பிளேட்டே 2.5, அதாவது ஒரே தாவலில் 5 கிலோ. ஸ்குவாட்டில் சமாளித்துவிடலாம், ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 25லிருந்து 30 என்பது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம், மூன்றாவது செட்டிலேயே ராடு நெற்றிக்கு நேரே நின்றுவிட்டது. சின்ன பிளேட் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு வெயிட்டா தம்பி" என்று மாஸ்டர் சிரித்தார். அப்புறம் நானே ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன், பிரஸ் இப்போது 32.5. பக்கத்து ரேக் பையனும் என்னிடம் வாங்கிப் போட்டுக்கொள்கிறான், திருப்பித் தரத்தான் மறந்துவிடுகிறான்.

ஜிம்முக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. சேரப் போகிறவர்கள் மறக்காமல் சின்ன பிளேட் வாங்கிக்கொண்டு வாருங்கள், என்னுடையதைக் கேட்காதீர்கள்.