மொக்காராவா, அராண்டாவா? ஆர்க்கிட் தொட்டியில் எந்தப் பெயரை எழுதுவது

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், என் மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் அடுத்தடுத்துப் பூத்தன. ஒரே மஞ்சள், ஒரே அளவு, பூங்கொத்தின் சாய்வுகூட ஒன்றுதான். முதல் தொட்டியின் பெயர்ச்சீட்டில் ‘மொக்காரா சாவ் பிரயா கோல்டு’ என்று இருந்தது. மற்றொன்றை ‘அராண்டா சாவ் பிரயா கோல்டு’ என்ற பெயரைப் பார்த்துப் புது ரகம் என்று நம்பி, முன்பணம் அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து வாங்கியிருந்தேன். விற்றவர் மீது பிழையில்லை. இரண்டும் ஒரே செடியின் பெயர்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது.

அதன்பின் தொட்டிகளில் பெயர் எழுத மூன்று வழிகளை முயன்று பார்த்தேன். பழைய பெயரை அப்படியே விட்டுவிடுவது முதல் வழி. புதிய பெயருக்கு மாற்றிவிடுவது இரண்டாவது. பேரினப் பெயரை, அதாவது மொக்காரா, அராண்டா போன்ற முதல் சொல்லை, சிறிதாக ஓரத்தில் எழுதிவிட்டு, கலப்பின் பெயரையும் அதன் பெற்றோரையும் முதன்மையாக எழுதுவது மூன்றாவது. எந்தச் சீட்டைப் பார்த்தால் செடியை வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா என்று தெரிகிறதோ, அதுவே நல்ல சீட்டு. என் அளவுகோல் அது ஒன்றுதான்.

பழைய பெயரின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. மொக்காரா என்பது அராக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வாண்டா ஆகிய மூன்று பேரினங்கள் கலந்த கலப்புக்கு இட்ட பெயர். 2012இல் வகைப்பாட்டியல் அறிஞர்கள் அஸ்கோசென்ட்ரத்தை வாண்டாவுக்குள் சேர்த்தார்கள். மூன்று இரண்டாகிவிட்டது. அராக்னிஸும் வாண்டாவும் சேர்ந்த கலப்புக்கு அராண்டா என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் மொக்காராக்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. உறவுமுறையைப் பொறுத்தவரை இது சரி. வளர்ப்பவருக்கோ ஒரு செய்தி குறைந்துவிட்டது. அஸ்கோசென்ட்ரத்தின் வழியாக வருவது குட்டையான உடல்வாகும், நெருக்கமான சிறு பூக்களும், அழுத்தமான நிறமும். அந்த வழி வராத அராண்டாக்களில் பல நெடுநெடுவென்று ஏறுபவை. மாடியில் இருக்கும் இடத்தைக் கணக்குப் பார்த்து வாங்குகிறவருக்கு ‘மொக்காரா’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அஸ்கோசென்ட்ரமும் வாண்டாவும் கலந்து, அஸ்கோசெண்டா என்று நாம் அறிந்த செடிகளுக்கும் இதுதான் நடந்தது. அவை இன்று வெறும் வாண்டா. கையகலப் பூ பூக்கும் வாண்டாவும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பூவைக் கொத்தாகத் தரும் வாண்டாவும் இப்போது ஒரே பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

கேட்லியா என்ற இன்னொரு ஆர்க்கிட் கூட்டத்தில் இழப்பு இன்னும் பெரிது. முன்பு ‘சோஃப்ரோலேலியோகேட்லியா’ என்று நீளமாக ஒரு பெயர் இருந்தது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதில் சோஃப்ரோனைட்டிஸ் என்ற சொல்லின் தலை தெரிந்தது. பிரேசிலின் குளிர்ந்த மலைக்காடுகளிலிருந்து வந்த சின்னஞ்சிறு சிவப்புப் பூச்செடி அது. சென்னை போன்ற ஊரில் இருப்பவர் அந்தப் பெயரைக் கண்டால், சித்திரை வெக்கையைத் தாங்குமா என்று ஒருமுறை யோசிப்பார். இன்று அவையெல்லாம் கேட்லியா. அழகான சிவப்பைப் பார்த்து வாங்கி, கோடையில் இழந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் இரண்டை இழந்திருக்கிறேன்.

ஆனால் பழைய பெயரே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. என்னை அதிலிருந்து மாற்றியது சிங்கப்பூரின் தேசிய மலர். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பூத்த அந்தக் கலப்பை 1893இல் தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்று உலகுக்கு அறிவித்தார். 1981இல் அது தேசிய மலரானது. அதன் பெற்றோர் இருவரும் பின்னர் வாண்டாவிலிருந்து பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டதால், இன்று அதன் பெயர் பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம்.

என்னிடம் வந்தபோது சீட்டில் வாண்டா என்றுதான் இருந்தது. வாண்டாவாயிற்றே என்று, மற்ற வாண்டாக்களோடு ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே தொங்கவிட்டேன். இலை பென்சில்போல உருண்டு நீண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதன் பொருளை யோசிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தண்டு மட்டும் நீண்டது, ஒரு மொட்டும் இல்லை. உருண்ட இலை முழு வெயிலுக்கு ஏற்பட்ட இலை. பட்டை இலை வாண்டாக்களுக்கும் இதற்கும் வளர்ப்பு முறையே வேறு. கைப்பிடிச் சுவரோரம் ஒரு கம்பம் நட்டு, தண்டை அதில் கட்டி வெயிலில் விட்டேன். கம்பத்தின் உச்சியைத் தாண்டி நுனி எட்டிப் பார்த்த பிறகு பூத்தது. இந்தச் செடியைப் பொறுத்தவரை புதிய பெயரே நல்ல வளர்ப்புக் குறிப்பு.

கேட்லியாவிலும் புதிய பெயர் வெல்லும் இடம் ஒன்று உண்டு. பெரிய, சுருக்கு வைத்த உதடுடைய கலப்புகளைப் ‘பிராஸோலேலியோகேட்லியா’ என்று அழைத்தோம். அந்தப் ‘பிராஸோ’வைப் பார்த்தால், ஒல்லி இலையும் இரவு மணமும் உடைய பிராஸவோலா நோடோசாவின் வாரிசு என்று தோன்றும், அது வெக்கையை நன்றாகத் தாங்கும் செடி. உண்மையில் அந்த உதட்டைக் கொடுத்தது டிக்பியானா என்ற வேறு செடி. அதன் பேரினம் ரிங்கோலேலியா. இப்போதைய ‘ரிங்கோலேலியோகேட்லியா’ அதை நேராகவே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது வழியின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புதிய பெயர் எத்தனை நாள் புதியதாக இருக்கும்? பிரேசிலின் லேலியா பர்ப்புராட்டா 2000இல் சோஃப்ரோனைட்டிஸ் பர்ப்புராட்டா ஆனது. 2008இல் கேட்லியா பர்ப்புராட்டா ஆனது. முதல் மாற்றத்திலேயே சீட்டுகளையெல்லாம் அழித்து எழுதியவர்கள் எட்டு ஆண்டுகளில் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. இதற்காக அறிஞர்களைக் குறைசொல்ல மாட்டேன். மரபணு ஆய்வு வந்தபின், பூவின் தோற்றத்தை வைத்துப் பிரித்தவற்றில் பல தவறென்று தெரிந்தன. தெரிந்ததைத் திருத்தாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் திருத்தும் வேகத்தில் மாடியில் அறுபது தொட்டிகளுக்குச் சீட்டு மாற்ற முடியாது.

அதனால்தான் மூன்றாவது வழிக்கு வந்தேன். கலப்பின ஆர்க்கிட்டின் பெயரில் பேரினத்தை அடுத்து வரும் பகுதியைக் கிரெக்ஸ் என்பார்கள். லத்தீனில் மந்தை என்று பொருள். குறிப்பிட்ட இரு செடிகளைக் கலந்து பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் அது பொதுப்பெயர். எது தாய், எது மகரந்தம் தந்தது என்று மாறினாலும் பெயர் ஒன்றுதான். 1906இல் சாண்டர் என்ற ஆர்க்கிட் நிறுவனம் தொடங்கிய கலப்பினப் பட்டியலை, 1961 முதல் லண்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி நடத்துகிறது. பெற்றோர் யார் என்று சொல்லாமல் அதில் பதிவு செய்ய முடியாது. வாண்டா போய்ப் பாப்பிலியோனாந்தே வந்தது. ‘மிஸ் ஜோக்கிம்’ அப்படியே நிற்கிறது. மொக்காரா போய் அராண்டா வந்தது. ‘சாவ் பிரயா கோல்டு’ நிற்கிறது.

பெற்றோரை எழுதுவதன் பயனுக்கு ரோத்ஸ்சைல்டியானா என்ற வாண்டா கலப்பு நல்ல சான்று. கோருலியா × சாண்டரியானா. முன்னது மேகாலயா போன்ற மலைப்பகுதிகளின் குளிருக்குப் பழகிய நீல வாண்டா. பின்னது பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், வெப்பமான தாழ்நிலக் காட்டில் வளர்வது. இந்த இரண்டு சொற்களைச் சீட்டில் படித்தாலே, கோடையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று புரிந்துவிடும். பழையதோ புதியதோ, எந்தப் பேரினப் பெயரும் இதைச் சொல்லாது.

கலப்பு அல்லாத காட்டுச் செடிகளுக்குக் கிரெக்ஸ் இல்லை, அதனால் இந்த வழி அவற்றுக்குப் பொருந்தாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மஞ்சள் வாண்டாவை லின்னேயஸ் 1753இல் எபிடெண்ட்ரம் என்றார். பின்பு வாண்டா ஆனது. இப்போது இலங்கையின் பழம்பெயரைத் தாங்கி டாப்ரோபேனியா என்று நிற்கிறது. ‘ஸ்பாத்துலாட்டா’ என்ற இனப்பெயர் ஈறு மட்டும் திரிந்து மூன்றிலும் கூடவே வந்திருக்கிறது. அதைப் பெரிதாக எழுதிவிட்டால் போதும்.

பெயர்த் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு டென்ட்ரோபியம் சோனியாவைச் சொல்வேன். கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட சிறிய தொட்டி, நல்ல வெளிச்சம், கோடையில் தினமும் தண்ணீர். டென்ட்ரோபியத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் முயற்சிகள் நடந்தன, பெரும்பாலானோர் ஏற்கவில்லை. சோனியா இன்னும் டென்ட்ரோபியம் சோனியாதான்.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க்கர் பேனா எழுத்து ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். குளிர்பான டப்பாவை வெட்டி, அந்த அலுமினியத் தகட்டில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை போனாலும் பள்ளம் இருக்கும். வெட்டிய ஓரத்தை மடித்துவிடுங்கள், கையைக் கிழிக்கும். முதல் வரியில் கிரெக்ஸ், இரண்டாவது வரியில் பெற்றோர், மூலையில் சிறிதாகப் பேரினம், பின்புறம் வாங்கிய மாதம்.

சீட்டே இல்லாமல் வந்த செடிக்கு, பூவைப் பார்த்து ஊகித்த பெயரை மட்டும் எழுதாதீர்கள். அந்த ஊகம் அடுத்தவர் கைக்குப் போகும்போது உண்மையாகிவிடும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் தகட்டில் ‘வெள்ளை, ஊதா உதடு, காலையில் மட்டும் மணம், 2018 தை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.