டிசம்பர்தோறும் முழுசாகக் கேட்கும் கிறிஸ்துமஸ் ஆல்பங்கள்

கிறிஸ்துமஸ் பாட்டு என்றாலே இப்போது ப்ளேலிஸ்ட்தான். துணிக்கடையிலும் மாலிலும் டிசம்பர் பிறந்ததும் அதே பாட்டுகள் எந்த வரிசையும் இல்லாமல் ஓட ஆரம்பிக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் சலித்துவிடும். பாட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன், கேட்கிற விதம்தான் சலிக்க வைக்கிறது. சில வருடங்களாக ப்ளேலிஸ்ட்டை ஒதுக்கிவிட்டு, பழைய ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஆல்பத்தில் பாட்டுகள் இருக்கும் வரிசையிலேயே கேட்டு வருகிறேன். சின்ன வயதில் கேசட்டில் கேட்டு நடுவில் மறந்துபோனவையும் இதில் உண்டு, பின்னால் தேடிப் பிடித்தவையும் உண்டு. எது தேய்கிறது, எது வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

முதலில் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். 1963-இல் வந்த ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆல்பத்தின் பேர் தெரியாத வீடுகளில்கூட அந்தக் குரல் தெரியும். டெக்சாஸில் பிறந்தவர், நாஷ்வில்லில் பேர் வாங்கியவர். அவருடைய ரெக்கார்டுகளைத் தயாரித்த செட் அட்கின்ஸ், ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் முன்னால் நின்ற பழைய கன்ட்ரி சத்தத்தைக் குறைத்து, வயலின்களும் மெல்லிய கோரஸும் சேர்த்து ‘நாஷ்வில் சவுண்ட்’ என்ற பாணியை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தப் பாணிக்கென்றே செய்த மாதிரி ரீவ்ஸின் குரல். மைக்குக்கு மிகவும் பக்கத்தில் நின்று, சத்தம் போடாமல் பாடுவார். கேசட்டில் அந்த நெருக்கம் பாதிதான் கேட்டது, இரைச்சல் மீதியைத் தின்றுவிட்டது. இப்போது இயர்போனில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் இன்னும் ஒரு படி கீழே இறங்கி உட்காருவது தெரிகிறது. 1964 ஜூலை 31-ஆம் தேதி, தானே ஓட்டிவந்த சிறிய விமானம் இடிமழையில் சிக்கி விழுந்து இறந்துபோனார். வயது 40. தன் கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளிவந்த பிறகு அவர் பார்த்த கிறிஸ்துமஸ் ஒன்றே ஒன்று.

இந்த ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும். முதல் பக்கம் ஜிங்கிள் பெல்ஸில் தொடங்கி, வாழ்த்து அட்டை, போல்கா நடனம் என்று ஊர்க் கொண்டாட்டமாகவே போகும். இரண்டாம் பக்கம் தெருவின் மணிச் சத்தத்தில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் என்ற பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பாட்டைக் கடந்து, அங்கிருந்து நேரே பெத்லகேமுக்குப் போய்விடும். கடைசி நான்கும் பிறப்பைப் பற்றிய பாட்டுகள், முடிவு ‘சைலண்ட் நைட்’. ஷஃபிளில் போட்டால் அதற்கு அடுத்தே போல்கா வந்து விழும், அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

அந்தக் கடைசி நான்கில் ஒன்று ‘மேரீஸ் பாய் சைல்ட்’. ரீவ்ஸின் ஆல்பத்தில் பேரில் ‘லிட்டில்’ ஒன்று கூடும். ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்க இசையமைப்பாளர் 1956-இல் எழுதியது, அடிமைகளாக இருந்தவர்களின் பேரன் அவர். ஹாரி பெலஃபான்டே பாடி 1957-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே பாட்டை போனி எம் என்ற டிஸ்கோ குழு எடுத்து டிஸ்கோ தாளம் கொடுத்து, இன்னொரு பகுதியையும் ஒட்டி, 1978-இல் மறுபடியும் அதே முதலிடத்தில் வைத்தார்கள். ரீவ்ஸ் பாடுவது தாலாட்டுப் பக்கம் சாய்கிறது, போனி எம் பாடுவது ஊர்வலம். ஒன்றைக் கேட்ட சூட்டோடு மற்றதைக் கேட்டுப் பாருங்கள், ஒரே மெட்டு இரண்டையும் தாங்குகிறது.

போனி எம்மின் ‘கிறிஸ்துமஸ் ஆல்பம்’ 1981-இல் வந்தது. உட்கார்ந்து கேட்கிற ஆல்பம் இல்லை இது. முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டு, ஒரு பக்கம் அச்சு முறுக்கு அச்சு எண்ணெயில் சூடேறிக்கொண்டிருக்கும் நாளில், அடுப்படி வரை கேட்கிற அளவுக்குப் பெரிய ஸ்பீக்கரில் போட வேண்டும். குழுவின் பாடகி லிஸ் மிட்செல்லின் குரல் எண்ணெய்ச் சத்தத்தையும் தாண்டி வரும். ஆனால் தொடர்ந்து இரண்டு முறை கேட்டால் எனக்குக் களைத்துவிடுகிறது, எல்லாப் பாட்டிலும் மினுமினுப்பு ஒரே அளவு. டிசம்பருக்கு ஒரு நாள் போதும், அந்த ஒரு நாள் கட்டாயம் வேண்டும்.

சரி, இப்போது நான் அதிகம் கேட்கும் ஆல்பத்துக்கு வருகிறேன். வின்ஸ் குவரால்டி ட்ரியோவின் ‘எ சார்லி ப்ரௌன் கிறிஸ்துமஸ்’. பீனட்ஸ் கார்ட்டூனை வைத்துச் செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக சான் ஃபிரான்சிஸ்கோ பியானோ கலைஞர் குவரால்டி அமைத்த ஜாஸ். நிகழ்ச்சி ஒளிபரப்பானது 1965 டிசம்பர் 9. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி அதிகாரிகளுக்கு அதன் மெதுவான போக்கும் பிடிக்கவில்லை, குழந்தைகள் படத்துக்கு ஜாஸ் எதற்கு என்றும் தயங்கினார்கள். மக்கள் அப்படி நினைக்கவில்லை, இன்றுவரை நினைக்கவில்லை.

முதல் பாட்டு ‘ஓ டானென்பாம்’, பழைய ஜெர்மன் பாட்டு. பியானோ மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல் தொடங்கும். மெட்டு ஒரு சுற்று முடிந்த பிறகுதான் பாஸ் உள்ளே வரும், கூடவே ட்ரம்ஸில் பிரஷ்ஷின் உரசல். அந்த இடத்தில் பாட்டு நடக்க ஆரம்பிக்கிறது பாருங்கள், எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு நிமிர்கிறது. அப்புறம் ‘கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்’. ஆல்பத்தில் இரண்டு தடவை வரும், ஒன்று வாத்தியம் மட்டும், ஆறு நிமிடம். இன்னொன்று குழந்தைகள் பாடுவது. வரிகளை எழுதியவர் தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், பாடியவர்கள் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் இருந்த ஒரு தேவாலயப் பாடகர் குழுச் சிறுவர்கள். சுருதி ஆங்காங்கே லேசாக விலகும். அதைத் திருத்தாமல் விட்டது எவ்வளவு நல்ல முடிவு! மகிழ்ச்சியைப் பற்றிய வரிகள், மெட்டோ சோகத்தின் ஓரத்திலேயே நடக்கிறது. பண்டிகை நாளில் வீட்டில் இல்லாத ஒருவரை நினைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு சட்டென்று புரியும். குவரால்டி 1976-இல், 47 வயதில் போய்விட்டார். மெண்டல்சன் இறந்தது 2019-இல், அதுவும் கிறிஸ்துமஸ் அன்றே.

பனி பார்க்காத ஊரில் இருந்துகொண்டு பனிப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இர்விங் பெர்லின் எழுதிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டுக்கு ஒரு தொகையறா இருக்கிறது. வெயிலும் ஆரஞ்சு மரமும் பனை இன மரங்களும் சூழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்து வடக்கே ஏங்குகிற ஆள்தான் அதில் பேசுகிறார். பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டே பாடினார்கள். 1963-இல் டார்லீன் லவ் பாடியதில் நடுவே பேச்சாக வரும். நாட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற ‘தி கிறிஸ்துமஸ் சாங்’கும் அப்படித்தான், 1945 கோடையில், கலிபோர்னியாவின் கொளுத்தும் வெயிலில், மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் எழுதியது. இவை சென்னை டிசம்பருக்கும் சரியாகவே பொருந்துகின்றன. கோல் இதைப் பல முறை பதிவு செய்திருக்கிறார். நாம் எங்கும் கேட்பது 1961-ஆம் வருடத்து ஸ்டீரியோ பதிவு. 1946-இல் செய்ததையும் தேடிக் கேளுங்கள், குரல் இளமையாக, கொஞ்சம் லேசாக இருக்கும்.

தேடும்போது ஒன்று கவனியுங்கள். ஸ்ட்ரீமிங்கில் அசலோடு பிற்காலத் தொகுப்புகளும் மறுபதிவுகளும் ஒரே மாதிரி அட்டைப்படத்தோடு கலந்து வரும். ஆல்பத்தின் ஆண்டையும் பாட்டு வரிசையையும் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். பாட்டுக்குப் பாட்டு கலந்து மங்க வைக்கும் கிராஸ்ஃபேட் அமைப்பை அணைத்துவிடுங்கள், குவரால்டியின் ஆல்பத்தில் பாட்டு முடிந்து விழும் மௌனமும் இசைதான்.

இந்த டிசம்பருக்கு எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஜாஸ் பாடகியின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துப் போடப் போகிறேன். 1960-இல் ஃபிராங்க் டிவோல் இசைக்குழுவோடு பாடியது முழுக்க ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் தாளம், தெருக் கொண்டாட்டம். 1967-இல் பாடியதில் ஸ்விங்கே கிடையாது, எல்லாம் ஆலயத்துப் பாட்டுகள், நேராக, அலங்காரம் இல்லாமல். முதலாவதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இரண்டாவதற்கும் அதே அளவு மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.