ரத்த வாந்தி வருமுன்: கார்வெடிலால் மாத்திரையா, ரப்பர் வளையமா?

கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் உள்ள ஒருவருக்கு எண்டோஸ்கோபி செய்கிறார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ரத்தநாளங்கள் பெரிதாக வீங்கியிருக்கின்றன, இதுவரை கசியவில்லை என்று அறிக்கை வருகிறது. அடுத்து என்ன? வழி இரண்டு. கார்வெடிலால் போன்ற மாத்திரையைத் தினமும் சாப்பிடுவது ஒன்று. எண்டோஸ்கோப் வழியாக வீங்கிய நாளத்தை உறிஞ்சிப் பிடித்து, அதன் அடியில் ரப்பர் வளையம் மாட்டி உதிரவைப்பது மற்றொன்று; மருத்துவமனைகளில் இதைப் ‘பேண்டிங்’ என்பார்கள். நாளங்கள் பெரிதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம், எது வசதியோ அதைச் செய்யலாம் என்றுதான் சிகிச்சை வழிகாட்டிகள் நீண்ட காலம் சொல்லிவந்தன. கல்லீரல் இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சமநிலை இப்போது இல்லை. மாத்திரை முந்திவிட்டது. காரணம் ரத்தக் கசிவுக் கணக்கு மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்ததாகும்.

ஒருமுறை ரத்த வாந்தி வந்து உயிர் தப்பியவர்களுக்குக் கணக்கு வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரச்சினை அழுத்தத்தில் இருக்கிறது

குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது உள்ளே போக வழியில்லாத ரத்தம், மதகு அடைபட்ட வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு போவதுபோல, பக்கவழிகளைத் தேடுகிறது. உணவுக்குழாயின் மெல்லிய சிரைகள் அப்படிப்பட்ட ஒரு பக்கவழி. கழுத்துச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி இந்த அழுத்த வேறுபாட்டை அளக்கலாம். இயல்பில் அது 5 மி.மீ. பாதரசத்துக்கு உள்ளேதான் இருக்கும். 10-ஐத் தொட்டால் நாளங்கள் வீங்கவும் வயிற்றில் நீர் கோக்கவும் தொடங்கும். 12-ஐத் தாண்டினால் நாளம் வெடிக்கும் அபாயம் வருகிறது.

ஆக, 10-ஐத் தாண்டிய அழுத்தம் ரத்த வாந்தியை மட்டும் தருவதில்லை. மகோதரம் எனப்படும் வயிற்றுநீர், அதைத் தொடர்ந்து நீரில் கிருமித் தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாமே அதே அழுத்தத்தின் பிள்ளைகள். நடைமுறையில் சிரோசிஸ் நோயாளிக்கு முதலில் வரும் சிக்கல் பெரும்பாலும் மகோதரம்தான். வளையம் உணவுக்குழாய் நாளத்தை அடைக்கிறது. போர்ட்டல் அழுத்தம் அப்படியே நிற்கிறது. மாத்திரை அந்த அழுத்தத்தையே இறக்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஆய்வுகளைப் படித்தால், முரண்போலத் தெரியும் முடிவுகள் தெளிவாகும்.

ஆய்வுகள் சொன்னது

1980-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் லெப்ரெக் குழுவினர், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையான புரோப்ரனலால் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அதே பத்தாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் டென்வரில் ஸ்டீக்மன் வளைய முறையைக் கொண்டுவந்தார். இரண்டையும் முதல் கசிவுத் தடுப்புக்காக நேருக்கு நேர் மோதவிட்ட பேர்பெற்ற சோதனை தில்லியில் நடந்தது. சரின் குழுவினர் 1999-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 89 பேர் இருந்தார்கள். 18 மாதத்தில் கசிவதற்கான வாய்ப்பு புரோப்ரனலால் குழுவில் 43 சதவீதம், வளையக் குழுவில் 15 சதவீதம். இறப்பில் வித்தியாசம் இல்லை. வளையம் நம் நாட்டில் வேகமாகப் பரவ இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம்.

பிறகு கார்வெடிலால் வந்தது. புரோப்ரனலால் பீட்டா ஏற்பிகளை மட்டும் தடுத்து, குடலுக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கார்வெடிலால் அதோடு ஆல்ஃபா-1 ஏற்பியையும் தடுப்பதால் கல்லீரலுக்குள் உள்ள நாளங்களும் சற்றுத் தளர்கின்றன. அழுத்தம் கூடுதலாக இறங்குகிறது. வியன்னாவில் ரைபர்கர் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புரோப்ரனலாலுக்குப் பலன் காட்டாதவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்குக் கார்வெடிலால் வேலை செய்தது.

ஸ்காட்லாந்தில் 152 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான சோதனையில் கார்வெடிலால் குழுவில் 10 சதவீதம் பேருக்கும் வளையக் குழுவில் 23 சதவீதம் பேருக்கும் கசிந்தது. பாகிஸ்தானில் 168 பேரைக் கொண்டு 2014-இல் வெளியான சோதனையில் முறையே 8.5, 6.9 சதவீதம், அதாவது வித்தியாசமில்லை. இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் கசிவைத் தடுப்பதில் இரண்டும் நிகர் என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்துச் சோதனையை மட்டும் எடுத்துக்காட்டி மாத்திரை வென்றது என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

திருப்பம் கேள்வியை மாற்றியதால் வந்தது. ஸ்பெயினில் வில்லனுவேவா குழுவினர், கசிவைத் தனியாக எண்ணாமல், மகோதரம், கசிவு, மூளைக்குழப்பம், இறப்பு இவற்றில் எதுவாவது வந்ததா என்று பார்த்தார்கள். அழுத்தம் 10-ஐத் தாண்டியிருந்தும் ஆபத்தான நாளங்கள் இல்லாத 201 பேரைத் தேர்ந்து, ஒரு பாதிக்குப் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலாலும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். 2019-இல் வந்த முடிவு: சிகிச்சை பெற்றோரில் 16 சதவீதம், பெறாதோரில் 27 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியது மகோதரம்தான்: 9 சதவீதத்துக்கு எதிராக 20 சதவீதம். இந்தப் பலனை ரப்பர் வளையத்திடம் எதிர்பார்க்க வழியே இல்லை.

இத்தாலியின் பவேனோ ஊர்ப் பெயரில் வழங்கும் நிபுணர் கூட்டத்தின் ஏழாவது உடன்பாடு 2022-இல் வெளியானபோது இது நடைமுறை விதியானது. சிக்கல் எதுவும் வராத சிரோசிஸில், அழுத்தம் உயர்ந்திருந்தால் கார்வெடிலாலே முதல் தேர்வு. இன்னொரு வசதியும் கிடைத்தது. அந்த மாத்திரையைத் தடையின்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு, நாளம் வீங்கியிருக்கிறதா என்று தேடிப்பார்க்கும் எண்டோஸ்கோபியே தேவையில்லை; அதன் முடிவு சிகிச்சையை மாற்றப் போவதில்லை.

கழுத்தில் குழாய் விடாமல் அழுத்தம் உயர்ந்திருப்பதை அறிய, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் ரத்தத்தின் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் போதும். ஃபைப்ரோஸ்கேன் எண் 25 கிலோபாஸ்கல் அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி எனலாம். பருமனாக இருப்பவரின் கொழுப்புக் கல்லீரலில் மட்டும் இந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. 20 முதல் 25-க்குள் இருந்து தட்டணு 1.5 லட்சத்துக்குக் கீழ், அல்லது 15 முதல் 20-க்குள் இருந்து 1.1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் சந்தேகம் வலுவானது. 15-க்குள்ளும் தட்டணு 1.5 லட்சத்துக்குக் குறையாமலும் இருந்தால் கவலையில்லை.

மாத்திரையைச் சரியாகக் கொடுப்பது

கார்வெடிலால் 6.25 மி.கி. தினம் ஒருமுறை, சாப்பாட்டோடு. மூன்று நாள் கழித்து, தாங்கினால் நாளுக்கு 12.5 மி.கி.; ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ தரலாம். இங்கே அதுதான் உச்சம். உயர் ரத்த அழுத்தமும் கூட இருந்தால் மட்டுமே அதற்கு மேல் போகிறார்கள். இதய நோய்க்குத் தரும் 25, 50 மி.கி. அளவுகளைப் பார்த்துவிட்டு இது போதாதே என்று ஏற்றுவது தவறு. நோயுற்ற கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகவே சிதைப்பதால், குறைந்த அளவே ரத்தத்தில் அதிகமாக நிற்கும்.

நாடித்துடிப்பைப் பார்த்து அளவை ஏற்றும் வழக்கம் புரோப்ரனலாலுக்கு உரியது. அதை 20 முதல் 40 மி.கி. வீதம் இருவேளை தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, ஓய்வில் நாடி 55–60 வரும்வரை கொண்டுபோவார்கள். மகோதரம் இருந்தால் நாளுக்கு 160 மி.கி.க்கு மேல் கூடாது. கார்வெடிலாலில் நாடி இலக்கு கிடையாது. பார்க்கவேண்டியது ரத்த அழுத்தம்: மேல் எண் 90-க்குக் கீழே இறங்கக்கூடாது. எழுந்து நின்றதும் தலைசுற்றல் வருகிறதா என்று நோயாளியைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை, தாங்களாகவே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறிவிடும். மருந்துக்கடையில் ஒரு மாதம் இல்லாமல் போவதும் நிறுத்தியதற்குச் சமம்தான்.

ஆஸ்துமா உள்ளவர், இதயத் துடிப்புக் கடத்தலில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைத் தடை உள்ளவர், ஏற்கெனவே நாடி 50-க்குக் கீழே இருப்பவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை கூடாது. புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் அடைப்பு வேறு, ஆஸ்துமா வேறு. முன்னதில் கவனத்தோடு தரலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதை வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

மகோதரம் முற்றியவர்களிடம்தான் மாத்திரையின் எல்லை தெரிகிறது. அந்தக் கட்டத்தில் உடலின் ரத்த அழுத்தம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும். இன்னும் இறக்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. மேல் எண் தொடர்ந்து 90-க்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினாலோ அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். அழுத்தம் தேறினால் மீண்டும் தொடங்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை இவர்கள் தொடவே கூடாது. சிறுநீரகம் கெட்டதற்கு மாத்திரையின் மேல் பழி விழும். உண்மைக் காரணம் முழங்கால் வலிக்கு வாங்கிய ஊசியாக இருக்கும்.

வளையம் போடும்போது

ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. எண்டோஸ்கோப்பின் நுனியில் பல வளையங்கள் ஏற்றிய சிறு குப்பி பொருத்தப்படும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தொடங்கி, மேல்நோக்கிச் சுற்றிச்சுற்றி வரவேண்டும். கீழே உள்ளதை விட்டுவிட்டு மேலே கட்டினால் அடியில் ரத்தம் தேங்கி நாளம் இன்னும் உப்பும். பிறகு கீழே குப்பியைக் கொண்டுபோகவும் இடமிருக்காது. நாளம் முழுமையாகக் குப்பிக்குள் ஏறி, திரை சிவந்து மறைந்த பின்னரே வளையத்தை விடவேண்டும். அரைகுறையாகப் பிடித்தால் வளையம் சீக்கிரம் நழுவும்.

கட்டிய சதை சில நாட்களில் கருகி உதிர்ந்து, அந்த இடத்தில் புண் விடும். அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் கசிவதே வளையத்தின் பெரிய அபாயம். சிகிச்சை முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரென்று வரும், கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேண்டோப்ரசோல் 40 மி.கி. சில நாள் தருவது புண்ணைச் சிறிதாக்கும். முதல் நாள் நீராகாரம், பிறகு சில நாள் குழைந்த சாதம், இட்லி. முறுக்கு, சீடை போன்ற கடினமானவை வேண்டாம். நெஞ்சுவலியும் விழுங்கச் சிரமமும் இரண்டொரு நாள் இருப்பது இயல்பு. கறுப்பாகத் தார்போல மலம் போனால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கட்டுவதற்கு முன், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைச் சரிசெய்ய பிளாஸ்மா ஏற்றும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சிரோசிஸில் அந்த எண் கசிவை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏற்றிய நீர்மமோ போர்ட்டல் அழுத்தத்தைத்தான் கூட்டும்.

ஒருமுறை கட்டினால் முடியாது. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, நாளங்கள் மறையும்வரை திரும்பத் திரும்ப வரவேண்டும். மறைந்த பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு பார்வை, பிறகு ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை. அழுத்தம் குறையாததால் நாளங்கள் மீண்டும் முளைக்கின்றன. மாத்திரைக்கு நாளுக்குச் சில ரூபாய்; இதற்குப் பயணச் செலவும் துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் ஒவ்வொரு முறையும் சேரும். இரண்டாம் முறை வராமல் நின்றுபோகும் நோயாளி, புண்ணோடும் பாதி மறைந்த நாளங்களோடும் வீட்டில் இருக்கிறார். அது தொடங்காததைவிட மோசம்.

எப்போது எது

மகோதரம் இன்னும் வராதவர், ரத்த அழுத்தம் நன்றாக இருப்பவர்: கார்வெடிலால். இதில் தயக்கமே வேண்டாம். மாத்திரை ஒவ்வாதவர், தாங்க முடியாமல் விட்டவர், நாளம் பெரிதாக இருந்தால்: வளையம். சிறிய நாளங்களில் வளையம் சரியாகப் பிடிக்காது. இரைப்பையின் மேல்மடிப்பில் இருக்கும் நாளங்களுக்கு வளையம் ஏற்றதே அல்ல. அங்கே பசை ஊசி போன்ற வேறு முறைகள் உண்டு.

கல்லீரல் ஏற்கெனவே தளர்ந்து, கல்லீரலின் நிலையை ஏ முதல் சி வரை தரம் பிரிக்கும் சைல்ட் அளவுகோலில் பி, சி நிலையில் இருந்து, ஆபத்தான நாளங்களும் உள்ளவர்களிடம்தான் விவாதம் உயிரோடு இருக்கிறது. தில்லியிலிருந்து 2024-இல் வெளியான கேவார்லி சோதனை இவர்களை மூன்று குழுவாகப் பிரித்தது: கார்வெடிலால் மட்டும், வளையம் மட்டும், இரண்டும் சேர்த்து. ஓராண்டில் முதல் கசிவு மிகக் குறைவாக இருந்தது சேர்ந்த குழுவில்தான். நம் மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளில் பலர் இந்த வகையினர் என்பதால், இந்த முடிவுக்கு எங்கள் பார்வையில் எடை அதிகம். ரத்த அழுத்தம் தாங்குகிற வரையில் இவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தொடங்குவது நல்லது.

ஒருமுறை கசிந்தவருக்கு மாத்திரையா, வளையமா என்ற கேள்வியே எழாது, இரண்டும் வேண்டும். இரண்டும் இருந்தும் மறுபடி கசிந்தால், கல்லீரலுக்குள் குழாய் வைத்துப் போர்ட்டல் ரத்தத்துக்குப் புதுவழி போடும் டிப்ஸ் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

மாத்திரை ஆயுளுக்கும் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மது முழுமையாக நின்று, அல்லது ஹெபடைடிஸ் சி கிருமி ஒழிந்து, அல்லது பி கிருமி கட்டுப்பட்டு, ஃபைப்ரோஸ்கேன் எண் 25-க்குக் கீழே வந்துவிட்டால், ஓரிரு ஆண்டு கழித்து எண்டோஸ்கோபி செய்து பார்க்கலாம். வீங்கிய நாளங்கள் ஒன்றும் இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தலாம்.