முடிச்சூர் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பிளாட் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளம் வந்த தெருவை வரவில்லை என்று பொய் சொல்லி விற்கப் பார்த்த ஒரு பில்டர், இப்போது எங்கள் அட்வான்ஸில் பாதியைத் திருப்பித் தர முடியாது என்கிறார். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் போடவில்லை.

நாங்கள் சேலத்துக்காரர்கள், வேலை மாற்றலில் இங்கே வந்தோம். ஏரியா புதிது என்பது ப்ரோக்கருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எப்போதும் நல்ல வெயிலில், அவர் காரிலேயே, வெளிவட்டச் சாலை வழியாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். "சார், 2015 வெள்ளத்துலயே இந்தத் தெருவுல சொட்டுத் தண்ணி ஏறல" என்றார். பில்டரிடம் கேட்டாலும் அதே வார்த்தைதான். பட்டா, வில்லங்கம், பிளான் அனுமதி எல்லாம் சுத்தம், பேங்க் வக்கீலும் சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டார். லீகல் ஒப்பீனியன் நிலம் யாருடையது, கடன் வழக்கு இருக்கிறதா என்பதைத்தான் சொல்லும், மழைக்கு அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது எந்தப் பத்திரத்திலும் வராது.

அட்வான்ஸ் கொடுத்தபின் ஒரு சாயங்காலம் தனியாகப் போய் அந்தத் தெருவில் நடந்தேன். முனையில் இருந்த மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் ஃப்ரீசரை ஹாலோ பிளாக் அடுக்கி இடுப்பு உயரத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள், அரிசி மூட்டை எல்லாம் பரண் மேல். பக்கத்து வீட்டில் ஈபி மீட்டர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிற உயரத்தில் இருந்தது. "ஏன் அண்ணாச்சி, ஃப்ரீசரை இப்படி வச்சிருக்கீங்க?" என்றேன். "2015ல கடையே முழுகிப் போச்சு தம்பி. நிவர் புயலுக்கும் தண்ணி வந்துச்சு, அடுத்த வருசமும் வந்துச்சு. மழை அறிவிப்பு வந்தா நாங்க சரக்கைத்தான் முதல்ல ஏத்துவோம்" என்றார். பில்டர் காட்டிய கட்டடம் மட்டும் தெருவை விட நன்றாக உயர்த்திக் கட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வராது என்றே வைத்துக்கொள்வோம், கழுத்தளவு தண்ணீரில் அப்பா அம்மாவை எப்படி வெளியே கொண்டுவருவது?

ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் அடையாற்றில் இந்தப் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்களைப் படகில் மீட்டது ஊருக்கே தெரியும், வெளியூரிலிருந்து வருகிறவனிடம் மட்டும்தான் அதை மறைக்க முடியும். எல்லாத் தெருவும் மோசம் என்று சொல்லவில்லை, இரண்டு தெரு தள்ளி மேடான இடத்தில் நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் தெருத் தெருவாக விசாரிக்கச் சொல்கிறேன். விற்கிறவரிடம் கேட்காதீர்கள், வாடகைக்கு இருப்பவர், இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் போடுகிற பையன், இவர்களிடம் கேளுங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

அப்புறம் அட்வான்ஸ் விஷயம். "பிடிக்கலன்னா முழுசா வாங்கிக்கோங்க சார்" என்று வாயால் சொன்ன பில்டர், ரசீதில் எங்கேயும் இல்லாத கேன்சலேஷன் சார்ஜ் என்று ஒன்றை இப்போது சொல்கிறார். இது ஆறு வீடு மட்டும் உள்ள சின்னக் கட்டடம். நிலம் 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் எட்டுக்குள் இருந்தால் ரெரா (வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு கட்டாயமில்லை. பதிவான ப்ராஜெக்ட் என்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. இங்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது, நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, அதற்கான பேப்பர்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்தப் பக்கம் யாராவது டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினால், "தெருவில் இதுவரை வெள்ளம் வந்ததில்லை, வந்தது தெரிந்தால் முழுப் பணமும் திரும்ப" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.