திபிலிசியில் நடனம் கற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன அக்டோபரில் ஜார்ஜியா நாட்டுத் தலைநகரான திபிலிசிக்குப் போனபோது 400 லாரியைக் கோட்டை விட்டேன். (லாரி அந்த ஊர்ப் பணம், சக்கரம் வைத்தது இல்லை.) பழைய நகரத்தில் கந்தகக் குளியல் விடுதிகள் பக்கம் ஒருவர் துண்டுச்சீட்டு நீட்டினார். ஐந்து நாளில் கார்த்துலி, ஹொருமி என்ற இரண்டு ஜார்ஜிய நடனங்களும் கற்றுத் தருவார்களாம், கடைசி நாள் சான்றிதழாம். சுகிஷ்விலி குழுவை, 1945-இல் ஒரு நடனத் தம்பதி தொடங்கியது, யூடியூபில் ஒரு வருஷமாகப் பார்த்துக் கிறங்கிப் போயிருந்தவன் நான். யோசிக்கவே இல்லை. முழுத் தொகையும் ரொக்கமாக, முன்பணமாக. ரசீது கேட்டால் "நாளைக்கு" என்றார்கள்.

முதல் நாள் பாதி நேரம் சோஹா மாட்டுவதிலேயே போனது. நெஞ்சில் வரிசையாகத் தோட்டாக் குழல் செருகிய நீள அங்கி அது. வாடகை தனி. ஜோடி ஜோடியாக நிறுத்தி, "இடுப்பைப் பிடி, சிரி" என்று படம் எடுத்தார்கள். கார்த்துலியில் ஆண் பெண்ணைத் தொடவே கூடாது, அவன் அங்கி அவள் பாவாடையில் உரசினாலே தப்பு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் ஹொருமி. அஜாரா, குரியா பக்கத்துப் போர் நடனம், தாளம் ஐந்து. மாஸ்டர் போனில் பாட்டைப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். நான்கில் காலைக் கொண்டுவந்து வைத்தால் மேளம் இன்னும் ஓர் அடி மிச்சம் வைத்திருக்கும். சின்ன வயதில் மூன்று வருஷம் மிருதங்கம் தட்டியவன் நான். ஐந்து எண்ணும் கண்ட சாபு தாளம் கூடவா தெரியாது? "மாஸ்டர், அஞ்சு" என்று விரல் விரித்துக் காட்டினேன். தோளில் தட்டிச் சிரித்தார். அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

கிளம்பவில்லை. மூன்றாம் நாள் மென்தோல் பூட்ஸை அவரிடமே 150 லாரிக்கு வாங்க வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொன்னார். அங்கே ஆண்கள் விரல்களை மடக்கி, அந்தக் கணுவில் நின்று ஆடுவார்கள். பாலே காலணி மாதிரி உள்ளே தாங்கு கட்டை கிடையாது. சிறு வயதிலிருந்து பழகியவர்கள் செய்கிற காரியம் அது. என் வலது கட்டைவிரல் நகம் கறுத்து, ஊர் திரும்பி டிசம்பரில் விழுந்தது.

நான்காம் நாள் கதவு பூட்டு. ஐந்தாம் நாள் வாட்ஸப்பில் சான்றிதழ் மட்டும் வந்தது, பெயர்ப் பிழையோடு.

தங்கியிருந்த வீட்டு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, தன் பேத்தி கற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். ஒருவர் டோலி மேளம் தட்ட, இன்னொருவர் அக்கார்டியன் வாசிக்க, இருபது பிள்ளைகள் ஒரு மணி நேரமும் வெறுமனே நடந்தார்கள். முதுகு நிமிர்ந்து, தலை அசையாமல், அவ்வளவுதான். ஒரு சிறுமிக்கு மட்டும் நடை லேசாகக் குதித்தது. ஆசிரியை அவளைப் பத்துத் தடவையாவது திரும்ப நடக்க வைத்தார். பெரியவர்களையும் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். சேர்ப்பார்களாம், முதல் மாதம் நடைதானாம், பணம் வகுப்புக்கு வகுப்பு கொடுத்தால் போதுமாம். எனக்கு மறுநாள் விமானம்.

அதனால் போகிறவர்கள் முதலில் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். மேளக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். அந்தத் துண்டுச்சீட்டில் முகவரி இருக்காது, ஒரு போன் எண் மட்டும்தான். கையில் திணித்தாலும் வாங்காதீர்கள்.